மூட்டைப்பூச்சி இல்லாத லாட்ஜ்

காலை ஏழு மணி இருக்கும். லாட்ஜ் கவுண்டரில் உட்கார்ந்து, முந்தின நாள் வந்தவர்களின் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன். எட்டாம் நம்பர் அறைக்காரர் மாடிப்படியில் இறங்கி வந்தார். மடித்துக் கட்டிய வேட்டி, நெற்றியில் பட்டை விபூதி, கக்கத்தில் எங்கள் தலையணை.

தங்க வந்தவர் தலையணையோடு கீழே இறங்கினால் லாட்ஜ் மேனேஜருக்கு அதில் ஒரே அர்த்தம்தான். உள்ளே ஏதோ ஊர்கிறது.

"ஏதாச்சும் கடிச்சுதுங்களா அண்ணாச்சி?" என்று எழுந்து நின்றேன்.

"கடியா? பச்சப்புள்ள மாதிரில்ல தூங்குனேன்." தலையணையை மேஜைமேல் வைத்தார். குனிந்து மூக்கை அதில் புதைத்தார். கண்ணை மூடிக்கொண்டு நீளமாக மூச்சிழுத்தார். பிறகு நிமிர்ந்து, "கீழ இருக்க ஸ்டோருல உலர்ந்த காய் தான தம்பி இது? ரெண்டாம் எடுப்பு. கடைசீல தீ கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார்.

அண்ணாச்சி போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரி. கண்ணைக் கட்டிவிட்டுக் காயை முகரக் கொடுத்தாலும் எந்தத் தோட்டம், எத்தனையாவது பறிப்பு என்று சொல்லக்கூடியவர். ஆனால் ஒரு தலையணையை வைத்து அதைச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்தத் தலையணை இரண்டு நாள் முன்பு, ஏலக்காய் உலர்த்தும் அந்த ஸ்டோரில்தான் இருந்தது. அனுப்பியவன் நான்.

"வாசனைக்கு நாலு காய் உள்ளே போட்டுத் தைப்போமுங்க அண்ணாச்சி" என்று சொல்லிச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டும். நேரே எழுதக் கூச்சமாக இருக்கிறது. கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருகிறேன்.

கோபத்தில் கட்டிய லாட்ஜ்

போடிமெட்டுக்கு மேற்கே, ஏலத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த ஒரு சின்ன டவுன் அது. பெயர் வேண்டாம். அங்கே இன்றும் லாட்ஜ்கள் இருக்கின்றன, அவர்கள் பிழைக்கட்டும்.

லாட்ஜின் முதலாளி சென்னியப்பன் மாமா. எனக்குத் தாய்வழியில் தூரத்து உறவு. கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் கடலைக்காடும் பருத்திக்காடுமாக இருந்தவருக்கு மலையில் லாட்ஜ் எதற்கு என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். காரணம் மிகவும் சின்னது. ஒரு முறை யாரையோ பார்க்க மலைக்குப் போனவர், அந்த டவுனில் அப்போது இருந்த ஒரே விடுதியில் தங்கினார். மூட்டைப்பூச்சிகள் அவரை விடியும்வரை தின்றன. காலையில் எழுந்து பஸ்ஸைப் பிடிப்பதற்குப் பதிலாக, இங்கே காலி இடம் விலைக்கு வருமா என்று விசாரித்தார்.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து ஊருக்கு ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன்மேல் வஞ்சம் வைத்து மாடி கட்டியவர் எனக்குத் தெரிந்து மாமா ஒருவர்தான்.

பன்னிரண்டு அறை. புதுக் கட்டில், புது இலவம்பஞ்சு மெத்தை. ஒரு வருடம் போகவில்லை, வந்து தங்கியவர்களின் பெட்டி படுக்கையோடு மூட்டைப்பூச்சிகளும் வந்து சேர்ந்துவிட்டன. மாமா என் வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். வழக்கம்போல் முதலில் கட்டிலைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"மாப்ள, நாம கட்டுன ஊட்டுல அதுக குடி வந்துருச்சு பாரு. வாடகையுந் தர மாட்டீங்குதுக. உன்ற படிப்பு எதுக்காச்சும் ஆவுமா?"

நான் பாலக்காட்டில் பி.எஸ்ஸி. வேதியியல் முடித்து, மெட்ராஸில் ஆறு மாதம் ஹோட்டல் பராமரிப்புப் பயிற்சியும் எடுத்து, வேலை இல்லாமல் இருந்தேன். "ஆவுமுங்க மாமா" என்றேன்.

மாமா ஊரெல்லாம் சொன்னார்: "மெத்தை விரிக்கறதுக்குன்னே மெட்ராசுல தனியாப் படிச்சவன்."

கடிகாரமும் வாளியும்

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த லாட்ஜில் கக்கூஸ் துடைத்த துணியும் தண்ணீர் டம்ளர் துடைத்த துணியும் ஒரே துணி. அந்த நாளில் அங்கே தங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், இத்தனை வருடம் நன்றாகத்தான் இருந்திருக்கிறீர்கள், இனியும் இருப்பீர்கள்.

அந்தத் துணியைப் பிடித்திருந்த ஆளை அனுப்பிவிட்டு, ஒச்சம்மாவை வேலைக்கு எடுத்தேன். போடிப் பக்கத்து கிராமம். கணவர் இல்லை. ஒரு மகள், அப்போது நான்கைந்து வயது. அண்ணன் மாயாண்டி, லாட்ஜுக்குக் கீழே சரிவில் இருந்த எஸ்டேட்டில் வேலை. எஸ்டேட்காரர்கள் வேலையாட்களுக்குக் கொடுக்கும் வரிசை வீட்டில், லயம் என்பார்கள், மூவரும் இருந்தார்கள். அண்ணனுக்கு வேலை இருக்கும்வரை வீடு.

மெட்ராஸில் எனக்கு ஒன்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எந்த வேலையையும் கடிகாரத்தால் அளக்க வேண்டும். ஓர் அறைக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று திட்டம் போட்டேன். கட்டிலுக்கு நான்கு, குளியலறைக்கு ஐந்து, தரைக்கு மூன்று. கார்பன் வைத்து எழுதி ஒவ்வொரு கதவின் பின்னாலும் ஒட்டினேன். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஒச்சம்மாவின் பின்னாலேயே நடந்தேன்.

"ஏஞ் சார், பந்தயம் எதுவும் வச்சிருக்கீகளா?"

"உன் வேலைக்கு எவ்வளவு நேரமாகுதுன்னு பாக்கறேன்."

"ஆகுற நேரம் ஆகும். கடியாரத்தையே பாத்துக்கிட்டு பின்னாலயே வாரீக, வாளிக்குள்ள கால விட்றாதீக."

விட்டேன். அந்த அறைக்குப் பத்தொன்பது நிமிடம் ஆனது. அதில் ஏழு நிமிடம் என்னைத் துடைத்த நேரம் என்று ஒச்சம்மா கணக்குச் சொன்னார்.

துணிக்கும் ஒரு திட்டம் வைத்திருந்தேன். சிவப்புத் துணி கக்கூசுக்கு, நீலம் தரைக்கு, வெள்ளை டம்ளருக்கு. எங்கள் குளியலறைகளில் பல்பு கிடையாது. மழை நாளில் உள்ளே எல்லாத் துணியும் ஒரே கறுப்பு. மூன்றாம் நாள் ஒச்சம்மா துணிகளின் முனையில் முடிச்சுப் போட்டுவிட்டார்.

"கக்கூசுக்கு ரெண்டு முடிச்சு, தரைக்கு ஒரு முடிச்சு, டம்ளருக்கு முடிச்சே இல்ல. கையி தடவுனா தெரிஞ்சுபோகும்ல சார்."

நல்ல யோசனை என்று எனக்கு உடனே தெரிந்தது. அன்றைக்கே மாமாவுக்குக் கடிதம் எழுதினேன். 'துணிகளை முடிச்சால் அடையாளப்படுத்தும் ஒரு முறையை ஏற்படுத்தியுள்ளேன்.' யார் ஏற்படுத்தியது என்பதில் அந்த வாக்கியம் கொஞ்சம் சறுக்கியது. முதல் சறுக்கல் சின்னதாகத்தான் இருக்கும். அதனால்தான் அடுத்ததற்குக் கால் பழகுகிறது.

வெயில் இல்லாத ஊர்

துணியும் தரையும் டம்ளரும் சுத்தமாகிவிட்டன. மூட்டைப்பூச்சிக்கு அதனால் எந்த வருத்தமும் இல்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் இதற்கு வைத்தியம் சுலபம். மழைக்குத்தான் பஞ்சம், வெயிலுக்கு இல்லை. வேலந்தாவளம் மாட்டுச் சந்தைக்கு வருகிற வியாபாரிகள் படுத்து எழுந்த கட்டில்களை, அவர்கள் போன மறுநாள் வெட்ட வெளியில் தூக்கிப் போட்டு நான்கு சாத்து சாத்துவார்கள். உச்சி வெயிலில் பூச்சிகள் பொலபொலவென்று உதிரும். கோழிகளுக்கு அன்று விருந்து.

மலையில் அந்த வைத்தியம் செல்லாது. வைகாசிக் கடைசியில் பிடித்த மழை ஐப்பசிவரை விடாது. துவைத்த விரிப்பு நான்கு நாள் கொடியில் தொங்கும், பிறகும் காளான் வாசனையோடு இறங்கும். மெத்தையை எங்கே போட்டு எதை அடிப்பது?

நான் வேதியியலில் இறங்கினேன். பூச்சி மருந்துப் பொடி தூவினேன். தங்கியவர்கள் தும்மினார்கள், பூச்சிகள் தும்மவில்லை. கட்டில் சந்துகளில் மண்ணெண்ணெய் ஊற்றினேன். ஒரு மனிதர் பீடியைப் பற்றவைக்கப் பயந்து வராந்தாவுக்கு ஓடிவந்து, "இது லாட்ஜா, ரேஷன் கடையா?" என்று கேட்டார்.

அப்புறம் திடீரென்று ஓர் அதிசயம் நடந்தது. மூன்றாம் நம்பர் அறையிலிருந்து புகார் வருவது நின்றது. அடுத்த வாரம் ஐந்தாம் நம்பர். பிறகு ஆறு. விரிப்புகள் மொரமொரவென்று உலர்ந்திருந்தன. அறைகளில் லேசாக ஏலக்காய் மணம். ஏலக்காய் ஊரில் ஏலக்காய் மணப்பதை யார் யோசிக்கிறார்கள்? என் பன்னிரண்டு நிமிடத் திட்டம் வேலை செய்கிறது என்று நான் முழுமனதாக நம்பினேன்.

அந்தச் சமயத்தில் ஓர் அரசு அதிகாரி வந்து தங்கினார். போகும்போது வருகையாளர் புத்தகத்தில், இந்தப் பக்கத்து மலைகளில் மூட்டைப்பூச்சி இல்லாத லாட்ஜ் தான் பார்த்தது இது ஒன்றுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாமா அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கண்ணாடி போட்டு, கவுண்டருக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். யார் வந்தாலும் அதைக் காட்டிவிட்டு என்னைக் காட்டுவார்.

"இவன் என்ற மாப்ளைங்க. சயின்ஸ் படிச்சவன். பூச்சிக்கே கணக்குப் போட்டு விரட்டிப்போட்டானுங்க."

நான் தலையைக் குனிந்து அடக்கமாக நிற்பேன். அந்த அடக்கத்தைக் கண்ணாடி முன் நின்று பழகியிருந்தேன்.

வறுத்த மிளகு

ஒரு மத்தியானம். மழை சற்று விட்டிருந்தது. பின்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்தபோது எங்கள் மெத்தை ஒன்று சரிவில் இறங்கி நடந்து போய்க்கொண்டிருந்தது. தார்ப்பாய் போர்த்தியிருந்தது. கீழே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

மெத்தை திருடு போகிறது என்று பின்னாலேயே போனேன். அது எஸ்டேட்டின் ஏலக்காய் ஸ்டோருக்குள் நுழைந்தது.

ஸ்டோர் என்றால் காய் உலர்த்தும் கட்டடம். வெளியே அடுப்பு. அதிலிருந்து கிளம்பும் பெரிய இரும்புக் குழாய்கள் உள்ளே தரையோரமாகச் சுற்றி வரும். அதற்கு மேலே அடுக்கடுக்காகக் கம்பி வலைத் தட்டுகள். பச்சைக் காயை அவற்றில் பரப்பிக் கதவைச் சாத்தி ஒரு நாள் போல அனல் கொடுத்தால் காய் உலர்ந்து பச்சை மாறாமல் இருக்கும். அந்த அடுப்புக்குத் தீ போடுகிறவர்தான் மாயாண்டி. உயரமானவர், பேச்சு குறைவு. அன்று காயெல்லாம் அள்ளியாகிவிட்டது. தட்டுகள் காலி. அடுப்பு அவிந்திருந்தாலும் உள்ளே கால் வைக்க முடியாத சூடு. அந்தச் சூட்டில் என் லாட்ஜின் மெத்தை நிம்மதியாகப் படுத்திருந்தது.

ஒச்சம்மா என்னைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்துட்டீகளா? சரி, பாத்துட்டுப் போங்க."

"என்ன இது?"

"அண்ணனுக்குச் சோறு கொண்டாந்தப்ப என் கம்பளி நனஞ்சுபோச்சுன்னு இங்கன காயப்போட்டேன் சார். வெள்ளன எடுத்து உதறுனா, வறுத்த மொளகு மாதிரி கொட்டுது. எல்லாம் மூட்டப்பூச்சி. நம்மூர்ல வெயில்ல போடுறோம். இங்க சூரியன் வரலேன்னா என்ன, சூடு வந்தாப் பத்தாதா?"

வேதியியல் படித்த நான் வாயைத் திறந்தபடி நின்றேன்.

மாயாண்டி கதவருகே வந்தார். "சார், காய் எறக்குன பொறவுதான் விடுறேன். தட்டுல காய் கெடக்கும்போது துணிமணி எதுவும் உள்ள வரக் கூடாது. காயி வாசத்த வாங்கும், குடுக்கும். முதலாளிமாருக்குத் தெரிஞ்சா நான் லயத்தக் காலி பண்ண வேண்டியதுதான்" என்றார். அவர் பேசி நான் கேட்ட நீளமான பேச்சு அதுதான்.

"நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

அந்த வாக்கை இத்தனை வருடமாகக் காப்பாற்றிவந்திருக்கிறேன். நான் காப்பாற்றியிருக்கக் கூடாத வாக்கு அது ஒன்றுதான்.

மேலே ஏறி வந்தேன். கவுண்டருக்கு மேலே கண்ணாடிக்குள் அந்த அதிகாரியின் கையெழுத்து தொங்கியது. மாமாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை.

என் சீர்திருத்தம்

நான் அதோடு சும்மா இருந்திருந்தால் இந்த அத்தியாயம் இங்கே சிரிப்போடு முடிந்திருக்கும். ஆனால் மெட்ராஸில் படித்தவனால் ஒரு நல்ல காரியத்தை அப்படியே விட முடியுமா?

ஒச்சம்மாவின் முறையில் ஸ்டோர் காலியாகும் நாளில்தான் மெத்தை போகும். ஒரு தடவைக்கு ஓர் அறைச் சாமான். பன்னிரண்டு அறையும் ஒரு சுற்று வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். புரட்டாசி பிறந்ததும் பறிப்பு மும்முரமானது. ஸ்டோர் காலியாவதே அபூர்வமாகிவிட்டது. வியாபாரிகள் வரத் தொடங்கினார்கள், அறைகள் நிறைந்தன. பத்தாம் நம்பரில் ஒருவர் சொறிந்துகொண்டே இறங்கி வந்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

காகிதத்தை எடுத்துக் கட்டம் போட்டேன். மெத்தை பெரிது, தட்டில் நுழையாது. தலையணை நுழையும். அடித்தட்டில் காயை ஓரமாகத் தள்ளினால் ஒரு நாளைக்கு நான்கு தலையணை வைக்கலாம். திங்கள் ஒன்று, இரண்டு. செவ்வாய் மூன்று, நான்கு. ஒரே வாரத்தில் லாட்ஜ் முழுவதும் முடிந்துவிடும். என்ன அழகான கட்டம்!

ஒச்சம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"காய் கெடக்கும்போது வைக்க மாட்டேன் சார். அண்ணன் சொல்லிருக்காப்புல."

"தலையணைதானே? ஒரு ராத்திரிக்கு என்ன ஆயிரும்?"

"மாட்டேன் சார். அவருக்கு வேல போயிரும்."

"உன் அண்ணன் சாப்பிடப் போற நேரத்துல வை. அவருக்குத் தெரிய வேண்டாம். ஏதாவது வந்தா நான் சொன்னேன்னு சொல்லு. நான் பாத்துக்கறேன்."

ஒச்சம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்க சொன்னீகன்னு சொல்லிரலாம்ல?" என்று கேட்டார்.

"சொல்லு."

மாட்டேன் என்று இரண்டு முறை சொன்னவர், அதன் பிறகு தலையணைகளை எடுத்துக்கொண்டு போனார்.

அண்ணாச்சியின் மூக்கு

இப்போது எட்டாம் நம்பர் அண்ணாச்சி தலையணையை முகர்ந்த காலைக்கு வந்துவிட்டேன். நான் சிரித்ததும் அவரும் சிரித்தார். காபி வரவழைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு சரிவில் இறங்கினார். அன்று அவர் சரக்குப் பார்க்க வேண்டியதே கீழ் எஸ்டேட்டில்தான்.

அங்கே நடந்ததைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். குவியலில் கைவிட்டுக் காயை அள்ளியவர், ஒரு காயை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாராம். அதன் காம்பில் மெல்லிசாக ஒரு பஞ்சு இழை. இன்னொன்றிலும் இருந்தது. "காய்க்குத் தலகாணி வச்சுத் தூங்க வைக்கிறீகளோ?" என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்களாம். சிரித்துக்கொண்டே அந்தக் குவியல் தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாலு வியாபாரிகளிடம் அந்த வேடிக்கையைச் சொல்லவும் செய்தார்.

மத்தியானம் எஸ்டேட் சூப்ரவைசர் லாட்ஜுக்கு வந்தார். கூடவே மாயாண்டி. எனக்குப் போதாத காலம், மாமாவும் அன்றுதான் ஊரிலிருந்து வந்து இறங்கியிருந்தார். கவுண்டருக்கு முன்னால் எல்லோரும் நின்றோம். வெளியே மழை.

"உங்க தலையணை எங்க ஸ்டோர்ல எப்படி வந்துச்சு?" என்று சூப்ரவைசர் கேட்டார்.

மாமா என்னைப் பார்த்தார். நான் ஒச்சம்மாவைப் பார்த்தேன்.

"மேனேசர் சாருதான் வைக்கச் சொன்னாரு" என்றார் ஒச்சம்மா. குரலில் பயம் இல்லை. சொல்லச் சொல்லியிருந்தேன், சொன்னார்.

மாமா என் பக்கம் திரும்பினார். "மாப்ள? நீயா சொன்னே?"

இந்த இடத்தில் எனக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது என்று பல முறை யோசித்திருக்கிறேன். சுவரில் கடிகாரம் இருந்தது. ஒரு நிமிடம்கூட இருக்காது. ஆமாம் என்று சொன்னால் தலையணை மட்டும் வெளியே வராது; மெத்தையும் வரும், வறுத்த மிளகும் வரும். பூச்சியைக் கணக்குப் போட்டு விரட்டிய சயின்ஸ்காரன், ஓர் அடுப்புச் சூட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவன் என்று தெரிந்துபோகும். மாமா என்னை அடித்திருக்க மாட்டார். வேலையைவிட்டும் அனுப்பியிருக்க மாட்டார். சிரித்திருப்பார். அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேன்.

"இல்லீங்க மாமா" என்றேன்.

அதோடு நிறுத்தவில்லை. கதவின் பின்னால் ஒட்டியிருந்த என் திட்டக் காகிதத்தைப் பிய்த்துக்கொண்டு வந்து சூப்ரவைசரிடம் நீட்டினேன். "பாருங்க, என் வேலைமுறை முழுக்க இதுல எழுதியிருக்கேன். ஸ்டோர்னு ஒரு வார்த்தை இருக்குதான்னு பாருங்க." தலையணைக் கட்டம் போட்ட காகிதம் என் மேஜை இழுப்பறையில் இருந்தது. அதை எடுக்கவில்லை.

சூப்ரவைசர் படித்துப் பார்த்தார். மாமா வாங்கிப் படித்தார். மாயாண்டிக்கும் ஒச்சம்மாவுக்கும் படிக்கத் தெரியாது.

ஒச்சம்மா அந்தக் காகிதத்தையும் என்னையும் பார்த்தார். பிறகு சிரித்தார். "எழுதியே வச்சிருக்காகளா? அப்ப சரியாத்தான் இருக்கும்."

மாயாண்டி தங்கையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "காய் கெடக்கும்போதா வச்ச?"

"ஆமாண்ணே."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த வாரமே லயத்து வீட்டைக் காலி செய்தார்கள். ஜீப்பில் ஏறும்போது ஒச்சம்மா பின்னால் மகளோடு உட்கார்ந்தார், மாயாண்டி முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜன்னலில் நின்று பார்த்தேன்.

கார்த்திகைக்குள் மூட்டைப்பூச்சிகள் திரும்பி வந்துவிட்டன. "பருவம் மாறுதுங்க மாமா" என்றேன். மாமா நம்பினார். கண்ணாடிப் படம் அங்கேயே தொங்கியது. அதைப் பார்த்து வேறு இரண்டு லாட்ஜ்காரர்கள் என்னிடம் யோசனை கேட்க வந்தார்கள். அவர்களுக்கும் கட்டம் போட்டுக் கொடுத்தேன். என் பிழைப்பு அப்படித்தான் வளர்ந்தது.

போடியில் ஒரு காலை

பல வருடம் கழித்து, வேறு வேலையாகப் போன இடத்தில், போடியில் ஒரு லாட்ஜில் தங்கினேன். காலையில் கதவைத் தட்டி வாளியில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தவர் ஒச்சம்மா.

"நல்லாத் தூங்குனீகளா சார்?" என்றார். என்னை அடையாளம் கண்டதில் அவருக்கு எந்த ஆச்சரியமும் இல்லை. நேற்றே பதிவேட்டில் பெயரை யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

கட்டிலைவிட்டு எழுந்தேன். வார்த்தை மொத்தமாக வந்தது. "ஒச்சம்மா, அன்னைக்கு நான் பொய் சொன்னேன். நான்தான் வைக்கச் சொன்னேன்."

வாளியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "இத எங்கிட்ட எதுக்குச் சொல்றீக? எனக்குத் தெரியாதா? நானும் அங்கனதான நின்னேன்?"

வாளியைக் குளியலறைப் பக்கம் தள்ளிவைத்துவிட்டுத் திரும்பினார்.

"தெரியாத ஆளு ஒருத்தர் இருக்காரு. இங்கிட்டு ரெண்டு தெரு தள்ளி ஏலக்கா மண்டில மூட தூக்குறாரு. நாந்தேன் அவரு வயித்துல அடிச்சேன்னு இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்காரு. போன மாசம் எம் மகளுக்குச் சடங்கு வச்சேன். தாய்மாமன் வரல. தாய்மாமன் சீரு இல்லாம மாலைய யாரு போடுறதுன்னு ஊரே வேடிக்க பாத்துச்சு." குரல் ஒரு இடத்தில்கூட உயரவில்லை. "பெரிய படிப்புப் படிச்சவுக நீங்க. நீங்க சொன்னா நம்புவாரு. அன்னைக்கும் நீங்க சொன்னதத்தான நம்புனாரு?"

"இப்பவே போறேன்" என்றேன்.

போனேன். மண்டி வாசலில் லாரி நின்றது. மாயாண்டி முதுகில் மூடையோடு குனிந்து உள்ளே போய் வந்துகொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. எதிரில் டீக்கடை. ஒரு டீ சொன்னேன். அவர் நிமிரட்டும் என்று காத்திருந்தேன். நிமிர்ந்தார். தண்ணீர் குடித்தார். மறுபடி குனிந்தார்.

பாலக்காடு போக நான் பிடிக்க வேண்டிய பஸ் அங்கேதான் நின்றிருந்தது. அவர் அடுத்த மூடையை இறக்குவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது, அதனால்தான் பேச முடியவில்லை என்று நெடுங்காலம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது உண்மை இல்லை. பஸ் டிரைவர் என் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு நேரம் இருந்தது. அவருக்கு முன்னால் நான் போய் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

இந்த வாரப் பத்திரிகை போடியிலும் விற்கும். அந்த மண்டித் தெருவில் யாராவது இதை மாயாண்டிக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவர் இல்லை என்றால், இப்போது பேரன் பேத்தி எடுத்திருக்கக்கூடிய ஒச்சம்மாவின் மகளுக்கு. முன்னால் எழுதிய வேடிக்கைகளை விட்டுவிடலாம். இந்த நான்கு வரி போதும்.

காய் கிடக்கும்போது தலையணையை வைக்கச் சொன்னது நான். நீங்கள் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து வைக்கச் சொன்னதும் நான்தான். இல்லை என்று உங்கள் முன்னால் காகிதத்தைக் காட்டி நான் சொன்னது பொய். உங்கள் தங்கை மாட்டேன் என்றுதான் சொன்னார்.